கடலுக்குப் போன குளிசைகள்

ஞானசவுந்தரி லேசில் யாரையும் நம்புகிற பிறவி அல்ல. எந்த வீட்டில் தேத்தண்ணி கொடுத்தாலும் முதலில் மணந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். மீன் நிறுக்கிற தராசு சரியாக நின்றால் அது அவளுக்குப் பெரிய புதினம். இன்றைக்கு மட்டும் ஏன் சரியாக நிற்கிறது என்று அன்று முழுக்க யோசிப்பாள். பூசை முடிவில் சுவாமியார் தீர்த்தம் தெளித்தாலும், அது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று பக்கத்தில் நிற்கிறவளைக் கேட்காமல் விடமாட்டாள். கலியாணம் முடித்து, பிறந்த ஊரான மெலிஞ்சிமுனையில் இருந்து எழுவைதீவுக்கு வந்து ஏழு வருடம் ஆகிவிட்டது. இன்னமும் அவள் சந்தியில் தென்பட்டால், "மெலிஞ்சிமுனையாள் வாறாள், கதையை மாத்துங்கோ" என்று பெண்கள் சிரிப்பார்கள்.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, ஒரு கையெழுத்து வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று சொல்லி ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போன தகப்பன் திரும்பி வரவே இல்லை. தாய் சாகும்வரை அந்தக் கையெழுத்தைப் பற்றியே கதைத்தாள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் வெள்ளைத் தாளோடு வருகிற எவரைக் கண்டாலும் கதவைச் சாத்திவிடுவாள். ஆஸ்பத்திரி என்றால் கேட்கவே வேண்டாம், அங்கே எல்லாமே வெள்ளைத் தாள்தானே.

கலியாணத்துக்கு முன்னர் அவள் ஊர்காவற்றுறைப் பக்கம் நண்டு உடைக்கிற கொட்டிலில் வேலை செய்தாள். அவித்த நண்டின் ஓட்டை உடைத்து, சதையை நார் நாராகப் பிரித்து, ஐஸில் புதைத்து வைக்க வேண்டும். நாள் முழுக்க ஐஸோடுதான் சீவியம். அவளுடைய விரல்கள் முதலில் சுண்ணாம்பாய் வெளுக்கும், பிறகு நீலம் பாயும், பிறகு சிவந்து எரியும். "உது ஐஸ் கை. இஞ்சை எல்லாருக்கும் உள்ளதுதான்" என்றார்கள் கூட வேலை செய்தவர்கள். எல்லாருக்கும் கை விறைத்தது உண்மை. ஆனால் வேறு ஒருத்திக்கும் விரல் நீலமாகவில்லை. கன்னம் இரண்டிலும் சிவப்புத் தடிப்பு வந்தபோது வெயில் என்றார்கள். காலையில் கதிரையைப் பிடிக்காமல் எழும்ப முடியாமல் போனபோது, நின்று வேலை செய்கிற களைப்பு என்றார்கள். ஊரில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட மனுசி, சந்தேகப்பட வேண்டிய அந்த ஒன்றை மட்டும் அப்படியே விழுங்கிவிட்டாளே! தன்னுடைய உடம்பே தனக்கு எதிராக நிற்கும் என்று யார்தான் நினைப்பார்கள்?

முதல் பிள்ளை வயிற்றில் நாலு மாதமாக இருந்தபோதுதான் விசயம் பிடிபட்டது. கிளினிக்கில் மருத்துவமாது அவளுடைய விரல்களைக் கண்டுவிட்டு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினாள். அங்கே குப்பி குப்பியாக இரத்தம் எடுத்தார்கள். நோய்க்கு லூப்பஸ் என்று பெயர் சொன்னார்கள். இரண்டு மூன்று மருந்துக் குளிசை மட்டைகளைக் கையில் கொடுத்து, பிள்ளை பிறக்கும்வரை ஒரு நாளும் விடாமல் போட வேண்டும், முடிந்த மட்டையை அடுத்தமுறை கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டில் மாமன், புருசனின் தகப்பன் பஸ்ரியாம்பிள்ளை இருந்தார். கடலுக்குப் போகிற அந்தக் குடும்பத்தில் அரசாங்கச் சம்பளம் எடுத்த ஒரே ஆள். மலேரியாத் தடை வேலையில், மருந்துத் தாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு தீவு தீவாக வீட்டுச் சுவர்களுக்கு மருந்தடித்தவர். 'மலேரியா பஸ்ரியர்' என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும். அவர் மட்டையை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து எழுத்துக் கூட்டினார்.

"பிள்ளை, இது மலேரியாக் குளிசையெல்லோ!"

"மலேரியாவோ? எனக்கெங்கை மாமா காய்ச்சல்?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். நாட்டிலயே இப்ப மலேரியா இல்லை. பேந்தென்னத்துக்கு உனக்கு இதைத் தாறாங்கள்? நான் இந்தச் சாமானைச் சாக்குச் சாக்காய்க் குடுத்தனான். காது இரையும், தலை சுத்தும். வயித்துப்பிள்ளைக்காரியள் போட்டால் பிள்ளை தங்காது எண்டும் சனம் சொல்லுறது."

வேறு யாருக்காவது இது ஒரு கிழவரின் கதையாகப் போயிருக்கும். ஞானசவுந்தரிக்கு உடம்பெல்லாம் முள்ளாகக் குத்தியது. காய்ச்சல் இல்லாதவளுக்கு ஏன் காய்ச்சல் குளிசை? தேங்கிக் கிடந்த பழைய மருந்தைத் தீவுச் சனத்தின் தலையில் கட்டுகிறார்களோ? அவளுக்குத் தெரிந்த ஒரே மருந்துக்காரர் மாமன்தான், அவர் கையால் கொடுத்த சாமான் பற்றி அவருக்குத் தெரியாதா? புருசன் யூஜின் நல்லவன், ஆனால் ஆஸ்பத்திரியில் சொன்னால் கடலில் குதி என்றாலும் குதிப்பான். அவனிடம் மூச்சும் விடவில்லை.

நல்ல தண்ணீர்க் கிணற்றில் போட மனம் வரவில்லை. வளவில் எறிந்தால் கோழி கொத்தும். ஒவ்வொரு கிளினிக்குக்கும் லோஞ்சுப் படகில் போகும்போது, பின்பக்கம் ஓரமாக இருந்து, குளிசைகளை ஒவ்வொன்றாகக் கடலுக்குள் தட்டிவிட்டாள். வெறும் மட்டையைக் கைப்பையில் பத்திரமாக வைத்தாள். கிளினிக்கில் தாதி மிஸி மட்டையைப் பார்த்து, "கெட்டிக்காரி, ஒண்டும் விடாமல் போட்டிருக்கிறீர்" என்றாள். அந்தப் புகழ்ச்சியைக் கேட்டு அவளுக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது.

பிள்ளை பிறந்தான். ஷாருஜன். கை கால் முழுசாக, வடிவாக, கறுத்த கண்ணிமையோடு ஆண் பிள்ளை. மாமன் சொல்லைக் கேட்டதுதான் புண்ணியம் என்று ஞானசவுந்தரி நினைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிப் பக்கம் தன் நோய்க்காக அவள் பிறகு போகவே இல்லை.

இரண்டு வயதாகியும் அவன் கதைக்கவில்லை. "ஆம்பிளைப் பிள்ளையள் சுணங்கித்தான் கதைப்பினம்" என்றாள் றஞ்சனி. யூஜினுடைய தமக்கை, அடுத்த வளவுக்காரி. மூன்று வயதிலும் கதைக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். லோஞ்சின் எஞ்சின் சத்தம் துறையில் கேட்டால் மட்டும் குசினிக்குள் இருந்து பாய்ந்து வருவான். சிப்பிகளைப் படியில் வரிசையாக அடுக்குவான்; ஒன்று இடம் மாறினாலும் தலையை நிலத்தில் அடித்துக் கத்துவான். ஒரு காரியத்தை ஒருமுறை எப்படிச் செய்தானோ, ஆயிரம்முறையும் அப்படியே செய்ய வேண்டும்.

ஞானசவுந்தரி ஆளைத் தேடத் தொடங்கினாள். என் பிள்ளையின் வாயைக் கட்டினது யார்? முதலில் தடுப்பூசி போட்ட மருத்துவமாதுவோடு சண்டை பிடித்தாள். பிறகு றஞ்சனியின் நாவூறுதான் என்று முடிவு கட்டினாள். பிள்ளை பிறந்த அன்று "என்ன வடிவான பெடியன்" என்று மூன்றுதரம் சொன்னவள் அவள்தானே. யூஜினுக்குத் தெரியாமல் அனலைதீவுக்குப் போய் நாவூறு கழிக்கத் தேசிக்காய் வெட்டுவித்தாள், அந்தப் பாவத்தைச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனமும் செய்தாள், தேசிக்காய் வெட்டின மனுசனும் தன்னை ஏமாற்றிவிட்டான் என்று ஏசவும் செய்தாள். கடைசியில் யூஜின்தான் பிடிவாதமாகப் பிள்ளையை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனான். கொப்பியில் ஓட்டிசம் என்று எழுதினார்கள். பேச்சுப் பயிற்சிக்கு வரச்சொன்னார்கள். அந்த நேரத்தில்தான் அவளுக்கு இரண்டாவது பிள்ளை தங்கியது.

இந்தமுறை பார்த்தவர் டொக்டர் கிருசாந்தி. பழைய கொப்பியைத் தேடி எடுத்து வாசித்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கதைத்தார்.

"எங்கட இரத்தத்தில கிருமியளை அடிக்கிற காவல்காரர் மாதிரி ஒரு சத்து இருக்கு அம்மா. உங்கட உடம்பில அந்தக் காவல்காரர் வீட்டுக்காரரையே கள்ளன் எண்டு நினைச்சு அடிக்கினம். அதுதான் உங்கட மூட்டு, விரல் எல்லாம் இப்பிடி. தாய் தன்ர காவல்காரரில கொஞ்சப் பேரைக் கொடியால பிள்ளைக்கும் அனுப்புவா, அது நல்லதுக்குத்தான். ஆனால் இந்தப் பிழையான ஆக்களும் சேர்ந்து போயிடுவினம். வயித்துக்குள்ள இருக்கேக்க பிள்ளையின்ர மூளைக்கு வேலி இன்னும் சரியாய் அடைபட்டிருக்காது. சில வேளை அதுக்குள்ள பூந்து, வளருற நரம்பில கை வைச்சிடுவினம். இதயத் துடிப்பையும் குழப்பலாம்."

"அப்ப என்ர பெடியன் கதைக்காதது..."

"அதுதான் காரணம் எண்டு நான் சொல்லமாட்டன். இந்த வருத்தம் உள்ள ஆக்களின்ர கனக்கப் பிள்ளையள் சுகமாய்த்தான் இருக்கினம். கொஞ்சப் பேருக்குத்தான் இப்பிடி வரக் கூடுதலாய் இடமிருக்குது எண்டு ஆராய்ச்சி சொல்லுது. அதால இந்தப் பிள்ளைக்குக் கவனமாய் இருப்பம். இந்தக் குளிசை காவல்காரரை அடக்கி வைக்கும்."

நீட்டிய மட்டையில் அதே எழுத்து. அதே மலேரியாக் குளிசை.

ஞானசவுந்தரி தலையாட்டினாள். வெளியே வந்ததும் பொங்கி எழுந்தாள். பார்த்தாயா, எவ்வளவு நைசாகப் பழியை என் தலையில் போடுகிறார்கள்! ஊசி போட்டவர்கள் அவர்கள், மருந்து கொடுத்தவர்கள் அவர்கள், கடைசியில் பிழை என் இரத்தத்திலாம். நான் பெற்ற பிள்ளைக்கு நானே எமனாம். அதை நம்பினால் அவளால் சோறு தின்ன முடியாது. நம்பாமல் இருக்கலாம், அதில் அவளுக்கு நல்ல பழக்கம்.

குளிசைகள் மறுபடி கடலுக்குப் போயின. ஷாருஜன் வேறு யாரோடும் நிற்கமாட்டான் என்பதால் அவனும் கூடவே வந்தான். எப்போதும் பின்பக்கம், இடது ஓரம், அதே பலகை. மட்டையில் இருந்து குளிசை பிதுங்கும்போது வருகிற 'டிக்' சத்தம் அவனுக்குப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது பயணத்தில் கையை நீட்டினான். மகன் தானாக ஒன்றைக் கேட்பதே அபூர்வம் என்பதால் அவள் மட்டையை அவனிடமே கொடுத்துவிட்டாள். அவன் ஒவ்வொன்றாக அமத்தி, விழுகிற இடத்தைப் பார்த்து, அடுத்ததை அமத்தினான். முப்பது குளிசையும் முடிய, வெறும் மட்டைகளை மடித்து அவளுடைய கைப்பையின் சிப் வைத்த பொக்கற்றுக்குள் வைத்து மூடினான். இவ்வளவு சமர்த்தாக அவன் எதையும் செய்து அவள் கண்டதில்லை. பெருமையில் அவனைக் கொஞ்சினாள்.

நாலாவது கிளினிக்கில் டொக்டர் கிருசாந்தியின் முகம் சரியில்லை. சிறுநீரில் புரதம் போகத் தொடங்கியிருந்தது. இரத்தப் பரிசோதனை மோசமாக இருந்தது. யூஜினையும் உள்ளே கூப்பிட்டார்.

"மருந்து ஒழுங்காய்ப் போடுறவவுக்கு இப்பிடி ஏறக்கூடாது. எனக்கு விளங்கேல்லை. குளிசையை ஒழுங்காய்ப் போட்டனீங்களோ அம்மா?"

"ஓம் டொக்டர்." வெறும் மட்டைகளை எடுத்து மேசையில் வைத்தாள்.

டொக்டர் மட்டைகளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை ஞானசவுந்தரிக்கு நன்றாகத் தெரியும். அவள் தராசைப் பார்க்கிற பார்வை அது. "அப்ப இந்தக் குளிசை உங்களுக்குக் காணாது. அடுத்த கிழமை வந்து நில்லுங்கோ. இதைவிடக் கடுமையான மருந்து தொடங்கவேணும். அதில பிள்ளைக்கும் கொஞ்சம் பயம் இருக்கு. வேற வழி தெரியேல்லை."

திரும்பி வரும்போது லோஞ்சில் நல்ல சனம். யூஜின் முன்பக்கம் தெரிந்தவர்களோடு நின்றான். எஞ்சின் பிடித்து, ஊர்காவற்றுறைத் துறை பின்னால் போனதும், ஷாருஜன் அவளுடைய கைப்பையைத் திறந்து புது மட்டையை இழுத்தான்.

"இண்டைக்கு வேண்டாம் ராசா. அப்பா நிக்கிறார்" என்று காதுக்குள் சொன்னாள்.

அவனுக்கு அப்பா என்ன, ஆண்டவர் என்ன? அவள் மட்டையைப் பறித்ததும் லோஞ்சே அதிரக் கத்தினான். உயிர்காப்பு அங்கியோடு தரையில் விழுந்து புரண்டான். சனம் முழுக்கத் திரும்பியது. யூஜின் ஓடி வந்து, "குடனப்பா அவனிட்டை, என்னண்டு பாப்பம்" என்று மட்டையை வாங்கி மகனின் கையில் வைத்தான்.

கத்தல் நின்றது. ஷாருஜன் எழும்பினான். கண்ணீரும் சளியுமாக ஓரத்துக்குப் போய், முழங்காலில் இருந்து, டிக். டிக். டிக். ஒவ்வொன்றும் விழுகிற இடத்தைப் பார்த்தான்.

"பிள்ளை விளையாடுறான்" என்றாள் ஞானசவுந்தரி.

முதல் மட்டை முடிந்தது. ஷாருஜன் அதை மடித்தான், தாயின் கைப்பையை எடுத்தான், சிப்பை இழுத்து அந்தப் பொக்கற்றுக்குள் வைத்தான், மூடினான். பிறகு மற்ற மட்டைக்குக் கையை நீட்டினான். யூஜின் அந்தப் பொக்கற்றைத் திறந்தான். காலையில் டொக்டரின் மேசையில் கிடந்த மட்டைகள் எல்லாம் அதே மாதிரி மடித்தபடி உள்ளே இருந்தன.

வீட்டுக்கு வந்து, படலையைச் சாத்திவிட்டுத்தான் கேட்டான்.

"முதல் பிள்ளைக்கும் இப்பிடித்தானோ?"

பொய் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். பொய் வரவில்லை. "ஓம்" என்றாள். "மாமா சொன்னவர் அது மலேரியாக் குளிசை எண்டு. பிள்ளை தங்காது எண்டு."

முற்றத்தில் இருந்த பஸ்ரியாம்பிள்ளைக்குக் கேட்டுவிட்டது. "நான் சனம் சொல்லுறதைத்தானே சொன்னனான். போடாதை எண்டு சொன்னனானோ?" என்று சத்தம் போட்டார். யூஜின் தகப்பனைக் கடந்து வெளியே போனான். கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்தில் போய் இருந்தான், பொழுதுபடும்வரை.

ஞானசவுந்தரி குசினிப் படியில் இருந்தாள். பக்கத்தில் ஷாருஜன் சிப்பி அடுக்கினான். அவளுக்கு யாரிலும் கோபம் வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. றஞ்சனி, மருத்துவமாது, தேசிக்காய்க்காரன், டொக்டர் என்று எத்தனை பேரை நிறுத்தி வைத்து விசாரித்தாள்! தன்னைப் பார்த்து ஒருநாளும் கேளாத கேள்வி ஒன்றுதான் மிச்சம் கிடந்தது. கடுமையான மருந்தை வயிற்றுப் பிள்ளைக்குக் கொடுக்கப் போகிறார்கள், தான் சொன்ன பொய்யை நம்பி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

விடிய முதல் லோஞ்சுக்கு அவள்தான் முதல் ஆளாகத் துறையில் நின்றாள். கிளினிக் நாள் அல்ல. டொக்டர் கிருசாந்தியை வாசலில் மறித்து, யூஜினுக்கு முன்னாலேயே சொன்னாள்.

"நான் ஒரு குளிசையும் போடேல்லை டொக்டர். எல்லாம் கடலுக்குள்ள போட்டனான். இவன் வயித்தில இருக்கேக்கையும் போடேல்லை."

டொக்டர் அவளை ஏசவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய், கடுமையான மருந்தென்று கொப்பியில் எழுதியிருந்த வரியை வெட்டினார். "நல்ல காலம் வந்து சொன்னனீங்கள். இண்டைக்கே தொடங்குங்கோ, கிழமைக்குக் கிழமை பாப்பம். பிள்ளையின்ர இதயத்தையும் பாப்பம்."

"ஒண்டு கேக்கவேணும். நான் அப்ப போட்டிருந்தால், இவன் கதைச்சிருப்பானோ?"

டொக்டர் ஷாருஜனைப் பார்த்தார். அவன் மேசைக்கடியில் இருந்து கதிரைச் சில்லை உருட்டிக்கொண்டிருந்தான்.

"தெரியாது அம்மா. போட்டிருந்தாலும் இவன் இப்பிடியே இருந்திருக்கலாம். போடாததாலதான் எண்டு சொல்லவும் ஏலாது, இல்லை எண்டு சொல்லவும் ஏலாது. உங்களுக்கு அந்தப் பதிலைத் தர எனக்கு மட்டுமில்லை, ஒருத்தருக்கும் ஏலாது."

ஞானசவுந்தரி அவருடைய முகத்தையே பார்த்தாள். அவளை ஏமாற்றியவர்கள் எல்லாரும் நிச்சயமாகச் சொன்னவர்கள். கையெழுத்து மட்டும்தான் என்றவர்கள், நாவூறுதான் என்றவர்கள், பிள்ளை தங்காது என்றவர்கள். இந்த மனுசி தெரியாது என்கிறாள். ஆஸ்பத்திரியில் கேட்ட சொல்லில் அவள் முழுதாக நம்பிய முதல் சொல் அதுதான். நம்பியதால் வந்த வலியும் அவளுக்குப் புதிது. சாகும்வரை அவளுக்குத் தெரியப்போவதில்லை.

திரும்பும்போது லோஞ்சில் அதே பின்பக்கம், அதே பலகை. எஞ்சின் பிடித்ததும் ஷாருஜன் கையை நீட்டினான். அவள் அவனுக்குக் கடதாசிச் சரையில் கச்சான் கொட்டை கொடுத்தாள், குளிசைக்குப் பதிலாக எறியச் சொல்லி. அவன் அதைத் தட்டிவிட்டான். அவள் மட்டையை எடுத்து, ஒன்றை அமத்தினாள். டிக். அவன் கடலைப் பார்த்தான். கடலில் ஒன்றும் விழவில்லை. திரும்பியபோது குளிசை தாயின் வாய்க்குள் போனதைக் கண்டான்.

பாய்ந்து வந்தான். இரண்டு கையாலும் அவளுடைய வாயைப் பிளந்தான். விரலை உள்ளே விட்டுத் தோண்டினான். நகம் பட்டு உதடு கிழிந்தது. யூஜின் அவனைப் பிடித்து இழுக்க வந்தான். "விடுங்கோ, அவனை விடுங்கோ" என்று அவள் கையால் காட்டினாள். குளிசை நாக்கில் கரைந்து கசந்தது. கசப்பும் இரத்தமுமாக அதை விழுங்கினாள்.

"முழுங்கிப்போட்டன் ராசா. இஞ்சை பார், ஒண்டுமில்லை."

வாயை அகலத் திறந்து காட்டினாள். ஷாருஜன் கத்துவதை நிறுத்தினான். கிட்ட வந்து, முதன்முறையாக அவளுடைய முகத்தை நேரே பார்த்து, நாக்கைத் தூக்கிப் பார்த்தான். இந்தக் கன்னம், அந்தக் கன்னம் என்று விரலை விட்டுத் தடவினான். அவளுடைய இரண்டு கையையும் விரித்துப் பார்த்தான். கைப்பையின் சிப்பைத் திறந்து உள்ளே தேடினான். பிறகு திரும்பி வந்து, மறுபடியும் அவளுடைய வாயைத் திறந்தான். தாய் சொன்னதை அவன் நம்பவில்லை.